பட்ட காலிலேயே ஏன் பட வைக்கிறீர்கள்?

மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று பாகம் முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. நாயகன் கொற்றன் என்ற வில்லாளி. முதல் பாகத்தில் அண்ணனை இழந்தான், இரண்டாம் பாகத்தில் ஊரை இழந்தான், மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒரு யாளி அவன் வலது கையின் மூன்று விரல்களைக் கடித்துக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே பேச்சுதான். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அடிக்கடி வரும் கேள்விகளை ஒன்றாகக் கட்டிப் பதில் சொல்லிவிடுகிறேன். சக எழுத்தாளர்கள் கேட்டவையும் இதில் சேர்த்திதான்.

கொற்றனைப் பாடாய்ப் படுத்துவதில் உங்களுக்கு உள்ளூர சந்தோஷமா?

சந்தோஷம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? யாளி அத்தியாயத்தை ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்துவிட்டு, எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். கண்ணெல்லாம் கலங்கவில்லை. ‘மாட்டினாயா மகனே’ என்று ஒரு குஷி.

அந்தக் குஷி ரத்தத்தைப் பார்த்து வந்ததில்லை. வில்லை மட்டும் நம்பி மூன்று பாகம் பிழைத்தவனுக்கு நாண் இழுக்க விரல் இல்லை. விடிந்ததும் என்ன செய்வான்? எனக்கே தெரியாது. அவனை நான் அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் அவன் எனக்கே புது ஆளாக எழுந்து உட்கார்ந்தான். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தீனி கிடையாது.

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானெகட் 1999-இல் வந்த தன் கதைத் தொகுப்பின் முன்னுரையில் சிறுகதைக்கு எட்டு விதி சொல்கிறார். ஆறாவது விதியில் எழுத்தாளனை சாடிஸ்டாக இருக்கச் சொல்கிறார். நாயகன் எத்தனை அப்பாவியாக இருந்தாலும் அவன் தலையில் இடியை இறக்கு, அவனிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியட்டும் என்பது அதன் சாரம். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். மீதிப் பாதியில் தொழில் இருக்கிறது.

இது ஏதும் மனக்கோளாறு இல்லையே?

இல்லை. எறும்பு மிதிபட்டால்கூட எனக்கு மனசு கேட்காது. டாக்டர் ஊசியை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான்.

வெளிநாட்டில் இதற்கென்றே தனி எழுத்து வகை இருக்கிறதாமே?

உண்டு. ‘வம்ப்’ என்று பெயர். நம் ‘வம்பு’க்கும் அதற்கும் உறவில்லை, ஆனால் பொருத்தம் பாருங்கள். பிடித்த பாத்திரத்துக்குக் காய்ச்சல், காயம், சிறை, பட்டினி எல்லாம் கொடுத்து, அதை விலாவாரியாக எழுதிப் படிப்பது. அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கொரு துன்பம் என்று 31 குறிப்புகளை வைத்துக்கொண்டு எழுதும் ‘வம்ப்டோபர்’ என்ற வழக்கம்கூட இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலு மாதிரி அவர்களுக்கு அது.

இதற்கு மூத்தது ‘ஹர்ட்-கம்ஃபர்ட்’. முதல் பாதியில் அடி, இரண்டாம் பாதியில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து போடுவது. 1970-களிலேயே ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், கையால் அச்சடித்த சின்னச் சின்ன இதழ்களில் இப்படிப்பட்ட கதைகளை எழுதிக் குவித்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அடிதான் கண்ணில் படும். படிக்கிறவர்கள் காத்திருப்பது இரண்டாம் பாதிக்கு. நெற்றியில் ஈரத்துணி போடும் அந்தக் கைக்காகத்தான் காய்ச்சலே வருகிறது. இறுகிப்போன ஒரு வீரனை இன்னொருவர் தொட்டு ஆறுதல் சொல்ல வேறு சாக்கு கிடைப்பதில்லை.

நம் மரபில் இதெல்லாம் உண்டா, இல்லை இறக்குமதிச் சரக்கா?

நளவெண்பாவை எடுத்துப் பாருங்கள். மூன்றே காண்டம்: சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். கல்யாணம், கஷ்டம், கஷ்டம் தீர்வது. கதை அமைப்பைப் பற்றி இன்றைக்கு எழுதப்படும் தடித்தடிப் புத்தகங்கள் சொல்வதைப் புகழேந்தி காண்டத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

கலி நளனைப் பிடிக்கப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கிறான். ஒரு நாள் மாலை நளன் கால் கழுவும்போது காலில் கொஞ்சம் இடம் நனையாமல் போகிறது. அந்த இடைவெளி போதும், உள்ளே புகுந்துவிடுகிறான். எத்தனை சின்னத் தவறு, எத்தனை பெரிய தண்டனை! இன்றைய பட்டறைகளில் யாராவது இப்படி எழுதிக் கொண்டுவந்தால் ‘காரணம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பார்கள். எனக்கோ அந்த நனையாத இடம்தான் மொத்தக் காவியத்திலும் பயங்கரமான இடம். நாமெல்லாம் தினமும் அவசரமாகத்தானே கால் கழுவுகிறோம்.

பிறகு சூதில் நாடு போகிறது. பறவையைப் பிடிக்கப் போட்ட வேட்டியும் பறவையோடு போகிறது. மனைவியோடு ஒரே துணியைச் சுற்றிக்கொண்டு காட்டில் படுக்கிறான். நடு ராத்திரியில் அந்தத் துணியையும் அறுத்து, தூங்குகிறவளை விட்டுவிட்டுப் போகிறான். கார்க்கோடகன் கடித்து உருவமும் போகிறது. கடைசியில் நிடத நாட்டு மன்னன் அயோத்தியில் இன்னொரு மன்னனுக்குத் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் வேலை பார்க்கிறான். நல்ல சமையலை இன்றைக்கும் ‘நளபாகம்’ என்கிறோமே, அது ஓர் அரசன் ஊரார் அடுப்பில் வெந்த வேக்காட்டின் பெயர்.

அரிச்சந்திரன் கதை இன்னும் கொடூரம். சுடுகாட்டில் சொந்த மகனின் பிணத்தோடு வரும் சொந்த மனைவியிடம் கூலி கேட்க வேண்டும். மயான காண்டம் கூத்தை விடிய விடியப் பார்த்த தலைமுறை நம் வீடுகளிலேயே இருக்கிறது. காந்தி சிறுவயதில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, தனக்குள் எத்தனையோ முறை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விசுவாமித்திரர் வெறுமனே ஒரு நல்ல ராஜாவை வாழ்த்திவிட்டுப் போயிருந்தால் அந்தச் சிறுவன் எதை நடித்துப் பார்த்திருப்பான்?

ஆக, இறக்குமதி எல்லாம் இல்லை. பாத்திரங்களை வாட்டுவதில் நாம் மொத்த வியாபாரிகள்.

எந்தக் கஷ்டம் வாசகரை அழ வைக்கும்? நான் நாயகனுக்கு ஏழு இடத்தில் வெட்டு கொடுத்தும் யாரும் அசையவில்லை.

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை எதிலிருந்து பிறக்கும் என்று ஒரு நூற்பா:

‘இளிவே இழவே அசைவே வறுமைஎன
விளிவில் கொள்கை அழுகை நான்கே.’

இளிவு என்றால் பிறர் இகழ, சிறுத்துப்போவது. இழவு, உறவையோ உடைமையையோ இழப்பது. அசைவு என்பதைக் களைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு இருந்த நிலை கெட்டு வேறொரு விதமாக வாழ நேர்ந்து வருந்துவது என்கிறது, பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை. வறுமை, அனுபவிக்க ஆசை இருந்தும் அனுபவிக்க முடியாத நிலை.

நாலையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வெட்டுக்காயம் எங்கே? எலும்பு முறிவு எங்கே? இல்லை. உடம்புக்கு வரும் உபாதை வேறொரு நூற்பாவில் இருக்கிறது: ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு யாப்புற வந்த இளிவரல் நான்கே.’ பிணியும் வருத்தமும் எழுப்புவது இளிவரலை, அதாவது முகத்தைச் சுளிக்க வைக்கும் உணர்ச்சியை. உங்கள் ஏழு வெட்டுக்கு வாசகர் அழாததன் காரணம் இப்போது புரிகிறதா? அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைத் தள்ளியிருப்பார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். யாளி கடித்த அத்தியாயத்தில் தசை, நரம்பு, ரத்தம் என்று நாலு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ‘ஐயோ’ இருந்தது, அவ்வளவுதான். நாலாம் பாகத்தின் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பந்தி வரும். கொற்றனை அடையாளம் தெரியாத ஓர் ஊர், கல்யாண வீடு, மூன்று நாள் பட்டினி. இலை போட்டுச் சோறு விழுந்து, குழம்பும் ஊற்றியாயிற்று. வலது கை துணிப் பொட்டலமாக மடியில் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் இடது கையைச் சோற்றில் வைக்கிறான். பக்கத்து இலைப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் இலையை மட்டும் ஒரு சாண் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறார். கொற்றன் கையை எடுத்துவிடுகிறான். பரிமாறுகிற பெண் ‘ஏன் தம்பி, உப்பு கூடிப்போச்சா?’ என்று கேட்கிறாள். ‘பசியில்லைக்கா’ என்று சொல்லி, மோரை மட்டும் தொன்னையில் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்திருக்கிறான்.

அரைப் பக்கம். சொட்டு ரத்தம் கிடையாது. அதற்கு வந்த கடிதங்களை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை. தொல்காப்பியர் சொன்ன நாலும் அந்த ஓர் இலையில் விழுந்துவிட்டன: போன விரல், நகர்ந்த இலை, நேற்றைய வில்லாளி, முன்னால் இருந்தும் உண்ண முடியாத சோறு.

அப்படியென்றால் சண்டை, சித்திரவதை எல்லாம் வேண்டாமா?

யார் வேண்டாமென்றது? அவற்றின் மறுநாளையும் எழுதுங்கள் என்கிறேன். ஜோ அபர்கிராம்பியின் நாவல் ஒன்றில் (2006) குளோக்டா என்று ஒரு விசாரணை அதிகாரி வருவான். ஒரு காலத்தில் வாள்போட்டியில் வென்ற அழகன். எதிரி நாட்டுச் சிறையில் இரண்டு வருஷம் வதைபட்டுத் திரும்பியவன். மேல்வரிசையில் பல் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே பல் இருக்காது, அப்படிப் பார்த்துப் பார்த்து உடைத்திருக்கிறார்கள். எதையும் மெல்ல முடியாது. கதை தொடங்கும்போது சிறை பழங்கதை. நாம் பார்ப்பது அவன் மாடிப்படி ஏறுவதை. ஒவ்வொரு படியும் அவனுக்கு ஒரு பகைவன். இத்தனைக்கும் அவன் இப்போது மற்றவர்களை வதைக்கிற உத்தியோகத்தில் இருக்கிறான். அப்படியும் அந்தப் படிக்கட்டில் நம் மனசு அவன் பக்கம் சாய்கிறது. அசைவு என்று பழைய உரைக்காரர்கள் சொன்னது இதைத்தான்.

ஒரு ஆள் எவ்வளவு அடி தாங்குவான்? கணக்கு ஏதாவது உண்டா?

மிகுபுனைவில் யாளி இருக்கலாம், ஆனால் மனிதனுக்கு ரத்தம் சுமார் ஐந்து லிட்டர்தான். அதில் இரண்டு லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டு தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் கசியலாம். நாயகன் அந்தக் காலோடு குதிரையேறுவதெல்லாம் நடக்காது.

மண்டையில் தட்டி மயங்கவைத்து, மூன்று மணி நேரம் கழித்துச் சிறையில் சோம்பல் முறித்து எழுந்திருக்கும் காட்சியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடிபட்டவன் சில நிமிஷத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால் மூளையில் பலத்த அடி என்று அர்த்தம். எழுந்தாலும் வாந்தி, குழப்பம், யார் என்ன சொன்னார்கள் என்ற ஞாபகமின்மை என்று பல நாள் போகும். முன்கை எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். புத்தூர்க் கட்டோ மாவுக்கட்டோ, கட்டைப் பிரித்த அன்றைக்குக் கை சூம்பி, மணிக்கட்டு திரும்பாமல் இருக்கும். அம்பு தைத்தால் படக்கென்று பிடுங்குவது சினிமாவில். முள் வைத்த அம்புமுனை உள்ளே போனதைவிட வெளியே வரும்போது அதிகம் கிழிக்கும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த அத்தியாயத்தில் எந்தக் காயம், கதைக் கணக்கில் எத்தனையாவது நாள் என்று குறித்து வையுங்கள். என் இரண்டாம் பாகத்தில் கொற்றன் இடது தோளில் கட்டோடு ஆற்றை நீந்திக் கடந்துவிட்டான். ஒரு பிசியோதெரபிஸ்ட் வாசகர் பொறுமையாக மூன்று பக்கக் கடிதம் எழுதினார். வெட்கக்கேடு.

மந்திரத்தால் காயத்தை ஆற்றிவிடலாமே?

ஆற்றலாம். விலை வையுங்கள். கம்பன் காவியத்தில் மருத்துமலைப் படலம் என்று ஒரு படலமே இருக்கிறது. மருந்துக்காக அனுமன் ஒரு மலையையே பெயர்த்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிமிழை எடுத்து இலக்குவன் வாயில் ஊற்றியிருந்தால் படலம் ஏது?

என் கதையில் எயினி என்கிற மருத்துவச்சி காயத்தை மூட வைப்பாள். ஆனால் ஒவ்வொன்றும் நேர்த்திக்கடன். எதைக் கொடுக்கிறாய் என்று தெய்வம் அப்போது கேட்காது. தனக்கு வேண்டும்போது, வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நம் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வேண்டுதலை மறந்துபோய், வீட்டில் ஏதோ ஒன்று நடந்தபின் திடுக்கிட்டு நினைத்துக்கொண்ட குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டே.

ஆறாத காயத்துக்கும் இடம் வையுங்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், முதல் உலகப் போரின்போது 1916-இல் சோம் போர்முனையில் இருந்தவர். அங்கே தொற்றிய காய்ச்சலோடு ஊர் திரும்பினார். அவருடைய ஃபுரோடோ உலகத்தையே காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறான். குத்துப்பட்ட தேதி வருஷா வருஷம் வரும்போதெல்லாம் நோய் திரும்புகிறது. காப்பாற்றிய ஊரில் அவனால் குடியிருக்க முடியவில்லை, கப்பலேறிவிடுகிறான். போர் முடிந்து வந்தவர்களைப் பக்கத்தில் பார்த்த கை எழுதிய முடிவு அது.

வாசகர் நேசிக்கும் பாத்திரத்தைக் கொல்லலாமா?

கொல்லலாம், அதிர்ச்சிக்காக மட்டும் வேண்டாம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு மூலமான தன் நாவல் வரிசையில் 2000-இல் வெளியான பாகத்தில் ஒரு கல்யாண விருந்தில் படுகொலை வைத்தார். அந்த அத்தியாயத்தை எழுதக் கை வராமல் தள்ளிப்போட்டு, மற்றதையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு விதை ஸ்காட்லாந்து வரலாறு. 1440-இல் எடின்பரோ கோட்டையில் விருந்துக்கு அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபுவும் தம்பியும் கொல்லப்பட்டார்கள். 1692-இல் கிளென்கோவில் நேர் எதிர்: கிட்டத்தட்ட இரண்டு வாரம் வீட்டில் தங்கிச் சாப்பிட்ட படைவீரர்களே வீட்டுக்காரர்களை வெட்டினார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

அந்தக் கல்யாணம் வாசகர்களை உலுக்கியதற்குச் செத்தவர்களின் எண்ணிக்கை காரணமில்லை. சோறு போட்ட கை கத்தி எடுத்ததுதான் காரணம்.

நாயகனுக்குக் கோபம் வர, அவன் மனைவியையோ தங்கையையோ பலி கொடுக்கலாமா?

எனக்கு அலுத்துவிட்டது. 1999-இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன், அமெரிக்க காமிக்ஸ்களில் இப்படிக் கொல்லப்பட்டும் சிதைக்கப்பட்டும் போன பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டார். 1994-இல் ஒரு கிரீன் லேன்டர்ன் இதழில் நாயகன் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் காதலியின் உடல் இருக்கும். அந்தக் காட்சியை வைத்தே பட்டியலுக்குப் பெயரும் வந்தது. அந்தப் பெண்களின் துன்பம் அவர்களுடையதாக இல்லை என்பதுதான் கோளாறு. தமயந்தியைப் பாருங்கள். காட்டில் தனியாக விழித்தவள் அழுதாள், நடந்தாள், வேலைக்குச் சேர்ந்தாள், கடைசியில் ஆள் அனுப்பி, இரண்டாம் சுயம்வரம் என்று ஒரு பொய்ச் செய்தி விட்டு, நளனைத் தேடிப் பிடித்தவளே அவள்தான். கஷ்டம் கொடுத்தால் அதைக் கையாளும் வேலையையும் அவளிடமே கொடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

என் சின்ன அத்தை சொல்லுவார். எழுபத்தொரு வயது, மிகுபுனைவு என்றால் என்னவென்று கேட்கமாட்டார், ஆனால் ஒரு அத்தியாயம் விடாமல் படிப்பார். ‘அடப்பாவி’ என்று போன் வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். ‘ஏண்டா, அந்தப் பையனுக்கு ஒருவாய் சோறு போட்டாத்தான் என்ன?’ என்று குரல் தாழ்ந்தால் அடுத்த அத்தியாயத்தில் சோறு போட்டுவிட வேண்டும். போன் வரவே இல்லையென்றால்தான் ஆபத்து. வாசகர் மரத்துப்போய்விட்டார்.

பந்தி அத்தியாயத்துக்கு அத்தை குரல் தாழ்ந்தது. அதனால்தான் மூன்றாவது அத்தியாயத்தில், பரிமாறிய அந்தப் பெண் கொல்லைப்புறமாக வந்து ஓர் உருண்டைச் சோற்றைக் கொற்றனின் இடது கையில் வைத்தாள். திட்டத்தில் இல்லாத காட்சி.

கொற்றனுக்கு விரல் திரும்ப வருமா?

வராது. எயினி கேட்டுப் பார்த்தாள், அவன் வேண்டாமென்றுவிட்டான். இப்போது இடது கையாலும் பல்லாலும் நாண் கட்டப் பழகிவிட்டான். ஏழாவது அத்தியாயத்தில் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டாவதில் மழை வருகிறது. நாண் நனைந்தால் என்ன ஆகும் என்று வில் பிடித்தவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.